பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே': "எங்கம்மாவும் கரும்புக்குத்தான் போகுது, அதுக்கு ஏன் மிஸ் அழணும்?"

கெடிலக்கரை

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்புதான். ஆலை அரைக்க ஆரம்பித்துவிட்டால் டிராக்டர் சத்தத்தில் நான் பேசுவது மூன்றாவது பெஞ்சுக்கே கேட்காது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் வெட்டுக்கோ, சோகை (கரும்பின் காய்ந்த இலை) உரிக்கவோ போகிறவர்.

போன வாரம் கடைசிப் பீரியட் சும்மா கிடைத்தது. பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பாரதி தொகுப்பை எடுத்து 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டை வாசித்தேன். கரும்பு என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று நினைத்தேன். அதுதான் வினையாகப் போனது.

"விம்மி விம்மி விம்மி விம்மி யழுங்குரல்" என்று வாசித்ததும் பையன்கள் பக்கம் சிரிப்பு. ஒருவன், "'கண்ணற்ற தீவு'ன்னா குருட்டுத் தீவா மிஸ்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கண் என்றால் இரக்கம், குறளில் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் ஜன்னல் ஓரத்தில் உட்காரும் ஒரு பெண், அதிகம் வாயே திறக்காதவள், எழுந்து கேட்டாள்: "எங்கம்மாவும் கரும்புக்குத்தான் போகுது மிஸ். கை எல்லாம் சோகை அறுத்துத்தான் இருக்கும். ஆனா அழுவாது. இவங்க ஏன் இப்படி அழுவுறாங்க?"

"அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கொடுமை" என்று ஏதோ சொன்னேன். அவள் "சரி மிஸ்" என்று உட்கார்ந்தாள். அந்த 'சரி'யில் அவளுக்குத் திருப்தி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பாட்டுக்குக் கீழே "பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்" என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தக் கூலிகள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆசிரியர் அறையில் கேட்டால் மூத்தவர் ஒருவர், "கவிதையை ரசிக்கச் சொல்லிக்கொடும்மா, வரலாறு எடுக்க வேற ஆள் இருக்கார்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? ஏன் பெண்களை மட்டும் பாடுகிறார்? ஏன் 'ஹிந்து'? 40 நிமிஷத்தில் சொல்லக்கூடிய அளவுக்கு யாராவது உதவினால் புண்ணியமாகப் போகும்.

---

ஆற்காட்டு அரிசி

அம்மா, உங்கள் மாணவிக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டை நாற்பது வருஷமாகப் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி.

எனக்கு இதில் சொந்த ஈடுபாடு உண்டு. எங்கள் தாத்தாவின் சின்ன அண்ணன் ஒருவர் "கப்பலேறிப் போய்விட்டார்" என்பார்கள் வீட்டில். எந்தக் கப்பல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பாட்டி திவச நாளில் அவருக்கும் ஒரு உருண்டை வைப்பாள். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமலே. பணி ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் 'கரும்புக் கொல்லை' என்பீர்கள். பாரதி 'கரும்புத் தோட்டம்' என்கிறார். நம் பேச்சில் தோட்டம் என்றால் கிணற்றடியில் கத்திரிக்காய் போடும் இடம். ஆனால் 'தேயிலைத் தோட்டம்', 'ரப்பர் தோட்டம்' என்கிறோமே, பாட்டில் இருப்பது அந்தத் தோட்டம். அது நிலம் மட்டுமில்லை. நிலம், ஆலை, துரை, கூலி லைன் (கூலிகளின் வரிசை வீடுகள்), ஒப்பந்தம், அபராதம் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. உங்கள் மாணவியின் அம்மா கொல்லைக்குப் போகிறார். இவர்கள் தோட்டத்துக்குள் இருந்தார்கள்.

பிஜிக்கு முதல் கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து போனது, 'லியோனிடாஸ்' என்று பெயர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் ஏற்ற ஆரம்பித்தது 1903இல். எங்கள் வட ஆற்காட்டு ஆட்கள், தெலுங்குச் சீமை ஆட்கள், மலபார் ஆட்கள் எல்லாம் அப்படித்தான் போனார்கள். 1916இல் கடைசிக் கப்பல் போகும்வரை மொத்தம் 60,000 பேருக்கு மேல். அதில் சென்னை வழியாகப் போனவர்கள் ஏறத்தாழ கால் பங்கு.

ஒப்பந்தம் 5 வருஷம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. போனவர்களுக்கே 'கிர்மிட்டியா' என்று பெயர் வந்துவிட்டது. 5 வருஷம் முடிந்தால் சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம். இலவசக் கப்பல் வேண்டுமென்றால் 10 வருஷம் இருக்க வேண்டும். கூலி ஆணுக்கு நாளைக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். பெண்ணுக்கு 9 பென்ஸ். அதுவும் குறித்த வேலையை முடித்தால்தான். ஆணுக்கு 6 மணி நேரத்தில் முடியக்கூடிய அளவு, பெண்ணுக்கு அதில் முக்கால் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. எவ்வளவு களை எடுத்தால் அந்த அளவு என்று தீர்மானிப்பவன் ஓவர்சியர். அவன் நல்ல தெம்பான ஆளை வைத்து அளந்துவிட்டு, எல்லாரையும் அதே அளவுக்கு இழுப்பான்.

முடிக்காவிட்டால் கூலி போயிற்று என்பதோடு நிற்காது. அது குற்றம். அம்மா, இதைப் பிள்ளைகளிடம் நிறுத்திச் சொல்லுங்கள். இன்று உங்கள் மாணவியின் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அன்றையக் கூலி போகும், மேஸ்திரி கத்துவான். அங்கே கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அபராதம், சிறை. சிறையில் இருந்த நாளையும் ஒப்பந்தத்தில் கூட்டிவிடுவார்கள்.

ஏன் பெண்கள்? 100 ஆணுக்கு 40 பெண் என்ற கணக்கில் ஏற்றினார்கள். லைனில் 10 அடிக்கு 7 அடி அறை. அதில் மூன்று தனி ஆண்கள், இல்லையென்றால் ஒரு குடும்பம். தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்து அறையில் இருமினால் இங்கே கேட்கும். ஓவர்சியரும் சர்தாரும் (அவனுக்குக் கீழே இருந்த இந்திய மேஸ்திரி) நினைத்தால் எந்தப் பெண்ணையும் தனியாக ஒரு மூலைக்கு வேலைக்கு அனுப்பலாம். 1912இல் குந்தி என்ற பெண்ணை அப்படித்தான் தன்னந்தனியாக வாழைத் தோட்டத்தில் களையெடுக்க அனுப்பினார்கள். ஓவர்சியர் வந்து கையைப் பிடித்தபோது அவள் ஓடிப்போய் ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவள் சொன்னது 1913இல் கல்கத்தா இந்திப் பத்திரிகை ஒன்றில் வர, நாடே கொதித்தது. "கற்பு நீங்கிடச் செய்யும் கொடுமையிலே" என்ற வரியை இதை வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

"ஒரு மருந்திதற் கிலையோ?" என்று கேட்கிறாரே, அது அன்றைக்கு வெறும் புலம்பல் இல்லை. ஒப்பந்த முறையை ஒழிக்கச் சொல்லி 1912இல் காங்கிரஸ் தலைவர் கோகலே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். காந்தியின் நண்பர்களான ஆண்ட்ரூஸும் பியர்சனும் 1915இல் பிஜிக்கே போய்ப் பார்த்து, திரும்பி வந்து அறிக்கை எழுதினார்கள். 1916இல் மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஏற்றார். 1917இல் ஆள் ஏற்றுவதை நிறுத்தினார்கள். பிஜியில் மிச்சம் இருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1ஆம் தேதிதான் ரத்தாயின. மருந்து இருந்தது. கொடுக்கத்தான் அத்தனை வருஷம் ஆயிற்று.

நீளமாகிவிட்டது, மன்னிக்கவும். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

---

கொழுந்துக்கூடை

டீச்சர், நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். அம்மாயி, அம்மா இரண்டு பேரும் கொழுந்து பறித்தவர்கள். 'தோட்டம்' என்ற சொல்லைப் பற்றி ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்களுக்கு அது முகவரி. "எந்தத் தோட்டம்?" என்றுதான் மலையகத்தில் ஒருவரை ஒருவர் கேட்போம். வெளியில் இருப்பவர்கள் எங்களை 'தோட்டக்காட்டான்' என்று சொன்னால் அது வசவு.

ஒரு திருத்தம். ஐயா சொன்னது பிஜி. எங்கள் ஆட்கள் வந்தது கிர்மிட்டில் இல்லை, கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்கும் மேஸ்திரி) கூட்டி வந்தது. எங்களைக் கட்டிப்போட்டது ஒப்பந்தம் இல்லை, கடன். ஊரில் கொடுத்த முன்பணம், வழிச் செலவு, அரிசி எல்லாம் கங்காணி கணக்கில் ஏறும். 'துண்டு' என்று ஒரு சீட்டு. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அந்த வேலையளவு விஷயம் எங்களுக்கு நல்லாகவே விளங்கும். குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள். காலையிலிருந்து மழையில் நின்றது முழு நாள்தான். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) விழுவது அரை நாள். அம்மா அரைப்பேர் வாங்கிக்கொண்டு வரும் நாளில் அடுப்படியில் சத்தமே இருக்காது. அழ மாட்டார். சட்டியை மட்டும் கொஞ்சம் பலமாக வைப்பார். அதனால் உங்கள் மாணவி "அழுவாது" என்று சொன்னது எனக்குச் சட்டென்று பட்டது. பாட்டில் கொஞ்சம் தள்ளி வரும் வரியைப் பாருங்கள் டீச்சர்: "அவர் விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்". நாலு தரம் விம்மி என்று சொன்ன அதே வாயால், இப்போது அழவும் தெம்பில்லாமல் போய்விட்டது என்கிறார். உங்கள் பையன்கள் சிரித்தது அந்த நாலு விம்மிக்கு. நாலையும் மெதுவாகச் சொல்லி, இந்த வரியில் வந்து நிறுத்துங்கள்.

இன்னொன்று. "துன்பக் கேணியிலே எங்கள் பெண்கள் அழுத சொல்" என்று வருகிறது அல்லவா? 1930களில் புதுமைப்பித்தன் எழுதிய கதைக்குத் 'துன்பக்கேணி' என்றுதான் பெயர். திருநெல்வேலிப் பக்கத்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படுவதுதான் கதை. பாரதி பிஜிக்குச் சொன்ன சொல் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கதையைப் பத்தாம் வகுப்பில் வாசிக்கக் கொடுக்க முடியாது, நீங்கள் வாசியுங்கள்.

---

புளியமரத்தடி

எல்லாரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் புளியைக் கரைத்துவிட்டுப் போகிறேன்.

பின்னணி சொல்லிக்கொடுப்பது சரி. ஆனால் பின்னணி தெரிந்ததும் கவிதையை அதற்குச் சாட்சியாக நிறுத்திவிடுகிறோம். பாரதி பிஜிக்குப் போனதில்லை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் கிடந்தவர். அவருக்கு வந்தது செய்தி. ஆகவே இந்தப் பாட்டு பிஜியைக் காட்டுவதைவிட, பிஜியைப் பற்றி இங்கே இருந்தவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது.

எப்படிப் பேசினார்கள்? பெண்ணின் மானம் போகிறது, அதுவே நாட்டின் மானம் என்று. கூலி, அபராதம், சிறை என்று ஆற்காட்டு ஐயா அடுக்கினாரே, அதில் ஒன்றாவது பாட்டில் இருக்கிறதா? "செக்கு மாடுகள் போலுழைத்து" என்பது போல ஓரிரு வரி, அவ்வளவுதான். பிஜியில் தற்கொலை செய்துகொண்ட இந்தியர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்குப் பாட்டு இல்லை. பெண்கள் எல்லாரும் 'பஞ்சை மகளிர்'. ஏமாந்து போய் அகப்பட்டவர்கள். பிரிஜ் லால் என்ற வரலாற்றாசிரியர், அவரே பிஜியில் ஒரு கிர்மிட்டியாவின் பேரன், கப்பல் பதிவுகளை உட்கார்ந்து எண்ணினார். கல்கத்தா வழியாகப் போன பெண்களில் பாதிக்கு மேல் கணவனோடு போனவர்கள் இல்லை, தனியாகப் போனவர்கள். விதவைகள், துரத்தப்பட்டவர்கள், கிளம்பிவிட்டவர்கள். ஊரில் இருந்ததைவிடக் கடல் மேல் என்று நினைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். "அன்னை வீட்டை நினைப்பாரோ" என்று பாரதி கேட்கிறார். அந்த வீடு அவர்களில் சிலரைக் கதவைச் சாத்தி வெளியே விட்ட வீடு.

'ஹிந்து' கேள்விக்கு: அந்தக் காலத்தில் இந்தியர் எல்லாரையும் சேர்த்து ஹிந்துக்கள் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. போனவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். ரொம்பக் குடைய வேண்டாம். ஆனால் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் பாட்டு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதில் உயிர் இருக்கும் இடம் வேறு. "கேட்டிருப்பாய் காற்றே" என்கிறார் பாருங்கள். நான் கேட்கவில்லை, நீதான் கேட்டிருப்பாய், எனக்கு வந்து சொல் என்கிறார். போனவர்களில் பெரும்பாலோர் கைநாட்டு. ஆற்காட்டு வீட்டுக்கே ஒரு கடுதாசி வரவில்லை என்கிறார் ஐயா. தனக்குத் தெரியாது என்பதை ஒரு கவிஞன் பாட்டுக்குள்ளேயே ஒத்துக்கொள்கிறான். அதற்கு மேல் பாட்டின் கடைசியில் காளியைக் கூப்பிடுவது எல்லாம் அவர் வழக்கமாகச் செய்வது.

---

ஆற்காட்டு அரிசி

புளியமரத்தடி, தற்கொலை விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வழக்கமாகச் செய்வது" என்று காளியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சட்டசபையில் தோற்ற பிறகு யாரைக் கூப்பிடச் சொல்கிறீர்கள்?

அந்தக் காற்று வரியை இனிமேல் எங்கள் பாட்டியை நினைக்காமல் என்னால் வாசிக்க முடியாது. அதற்கு நன்றி.

---

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி அந்தப் பீரியட் கிடைத்தது. கணக்கு சாரிடம் கெஞ்சி வாங்கினேன் என்பதுதான் உண்மை.

முதலில் பிஜியைக் காட்டலாம் என்று உலகப் படத்தை எடுத்துப் போனேன். எங்கள் பள்ளிப் படத்தில் வலது ஓரம் சுருட்டிச் சுருட்டிக் கிழிந்துபோயிருக்கிறது. ஆஸ்திரேலியா பாதி இருக்கிறது. பிஜி இருக்க வேண்டிய இடத்தில் செலோ டேப். "இங்கேதான் எங்கேயோ" என்று சுவரில் விரலை வைத்தேன். "அப்போ அது சுவத்துல இருக்குதா மிஸ்?" என்றான் குருட்டுத் தீவுக்காரன்.

அப்புறம் தரையில் சாக்பீஸால் 10 அடிக்கு 7 அடி ஒரு கட்டம் போட்டேன். மூன்று பையன்களை உள்ளே படுக்கச் சொன்னேன். சமையல் சட்டிக்கு ஒரு பை, துணி மூட்டைக்கு ஒரு பை, மண்வெட்டிக்கு ஒரு ஸ்கேல். கால் நீட்டுவதில் சண்டை வந்துவிட்டது. 5 வருஷம் என்றதும் கொஞ்சம் அமைதி.

பாட்டைக் கொழுந்துக்கூடை அக்கா சொன்ன மாதிரியே வாசித்தேன். நாலு விம்மியையும் மெதுவாக. இந்தத் தடவையும் ஒருவன் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

வேலையை முடிக்காவிட்டால் ஜெயில் என்று சொன்னபோது அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "நின்னுட முடியாதா மிஸ்? வேலைக்கு வரலன்னு?" முடியாது, கைநாட்டு வைத்துவிட்டார்களே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்கம்மாவும் மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கு. சீசன் முடியறவரைக்கும் நிக்க முடியாது." அப்புறம், "ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்துடும்" என்றாள். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் அவள் சொன்னதைவிடக் கம்மி.

புளியமரத்தடி சொன்ன தனியாகப் போன பெண்கள் விஷயத்தை நான் எடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது என்பது ஒரு காரணம். எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்பது இன்னொன்று. பெண் பிள்ளைகளிடம் மட்டும் தனியாகப் பேசலாமா, எல்லார் முன்னாலும் பேசலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூத்த ஆசிரியர் வாசல் வழியாகப் போகும்போது, பையன்கள் தரையில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். சாக்பீஸ் கோடு இன்னும் முழுசாக அழியவில்லை. இன்று காலை கணக்கு சார், "என்னம்மா, பரப்பளவு பாடத்தையும் நீங்களே எடுத்தாச்சா?" என்றார்.